ஃபாக்ஸ் டிராட் என்ன ராகம்?

பரண் என்று ஒன்று வீட்டில் இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான இடம். வேண்டும் என்று நினைக்கிற சாமான் அங்கே போவதில்லை. வேண்டாம் என்று தெரிந்தும் தூக்கி எறிய மனம் வராத சாமான்தான் அங்கே போய்ச் சேருகிறது. கால் ஒடிந்த முக்காலி, ஈயம் பூசாத பித்தளை அண்டா, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவிக் கொத்து, இப்படி. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் இவற்றுக்கெல்லாம் தீர்ப்பு நாள் வருகிறது.

அப்படி ஒரு தீர்ப்பு நாள், கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டுக்கு வந்திருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஊர். அங்கிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவரின் பாட்டனார் காலத்து டிரங்குப் பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்கியதாம். உள்ளே கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று. அதன் வில் அறுந்து போயிருக்கிறது. கூடவே காகித உறைகளில் முப்பத்தொரு பிளேட்டுகள். கிட்டப்பா, சுந்தராம்பாள், ஒரு நாடக ஸெட்டில் பாதி, பெயர் கேள்விப்படாத பாடகிகள் சிலர். எல்லாவற்றுக்கும் அடியில் இங்கிலீஷ் தட்டு ஒன்று.

"கணவர் காயலான் கடைக்காரரைப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பாட்டெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே, இந்தக் கறுப்புத் தட்டுகள் எதற்கு என்கிறார். மாமியாரோ ஒன்றும் பேசாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார் சகோதரி. பிறகு கடிதத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்வி: "தமிழ்த் தட்டுகளில் பாட்டின் பெயருக்குக் கீழே ராகம், தாளம் போட்டிருக்கிறது. இங்கிலீஷ் தட்டில் அந்த இடத்தில் 'ஃபாக்ஸ் டிராட்' என்று இருக்கிறது. அது என்ன ராகம்?"

பெரிய கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் சின்னக் கேள்வியை முடித்து விடுகிறேன். அதிலிருந்துதான் மற்றதற்கு வழி கிடைக்கிறது.

நரி நடக்கும் நடை

'ஃபாக்ஸ் டிராட்' ராகமல்ல, நடனம். 'ஃபாக்ஸ்' என்றால் நரி, 'டிராட்' என்றால் துள்ளு நடை. 1914-ஐ ஒட்டி அமெரிக்காவில் பிரபலமான ஜோடி நடனம் அது. தட்டு வாங்குகிறவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆட வேண்டுமல்லவா? எந்த நடைக்கு ஆடுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் லேபிளில் போட்டார்கள். நம்மவர் ராகத்தையும் தாளத்தையும் போட்டது கேட்கிறவருக்காக. அவர்கள் போட்டது ஆடுகிறவருக்காக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒரு விஷயம். 'ஃபாக்ஸ் டிராட்' என்று போட்ட தட்டுகளில் பலவற்றிலே ஒளிந்திருப்பது ஜாஸ் சங்கீதம். ஜாஸ் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். காதைப் பிளக்கும் தகரச் சத்தம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது அமெரிக்காவின் தென்கோடியில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுகப் பட்டணத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் சந்ததியார் உருவாக்கிய சங்கீதம். கலியாணத்துக்கும் வாசித்தார்கள், சவ ஊர்வலத்துக்கும் வாசித்தார்கள். நம் ஊர் நாகஸ்வரமும் பறையும் சேர்ந்து செய்கிற காரியத்தை அங்கே டிரம்பெட்டும் டிரம்மும் செய்தன.

அதன் உயிர் எங்கே இருக்கிறது என்றால், மனோதர்மத்தில். ஒரு பாட்டின் மெட்டை முதலில் வாசித்துக் காட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த மெட்டைத் தம் கற்பனைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். நம் கச்சேரியில் ஒரே அடியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்கிறார்களே, ஸ்வரம் போடுகிறார்களே, அந்த மாதிரி. நேற்று வாசித்தது இன்று வராது. இன்று வாசித்தது நாளைக்கு வராது. அமெரிக்க ஜாஸ் வித்வான் டேவ் புரூபெக் 1958-ல் தம் குழுவோடு சென்னைக்கும் வந்து வாசித்தார். ஊர் திரும்பியதும் அந்தப் பயணத்தில் கேட்டதையெல்லாம் நினைத்து ஓர் இசைத் தட்டே வெளியிட்டார். அதில் கல்கத்தாவின் பெயரால் ஒரு பாட்டும் உண்டு. நம் தாள வாத்தியங்களைக் கேட்டு அவர் வியந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் தூரத்து உறவு என்று கண்டுகொண்டிருப்பார்.

மூன்று நிமிஷத்தில் ஒரு ராகம்

அந்தத் தட்டுகளை ஒன்று கையிலெடுத்துப் பாருங்கள். எவ்வளவு கனம்! அதற்குக் காரணம், அது அரக்கு. நம் நாட்டு மரங்களில் அரக்குப் பூச்சி கக்கும் பிசினைச் சுத்தம் செய்து, கல்மாவும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. அமெரிக்காக்காரனின் ஜாஸ் தட்டானாலும், அதில் பெரும்பாலும் இந்திய அரக்குதான் இருந்தது. ஆகவே உங்கள் பெட்டியிலுள்ள இங்கிலீஷ் தட்டை அந்நியம் என்று ஒதுக்க வேண்டாம், சகோதரி. உடம்பு நம்முடையது.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்தங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் பாட முடியும். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்த வித்வான்களை மூன்று நிமிஷத்தில் முடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்! பெரிய விருந்தை ஒரு சிறிய டிபன் பாக்ஸில் அடைக்கிற வித்தை அது. சிலர் மறுத்தார்கள். சிலர் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் அந்தத் தட்டுகளின் ருசி இருக்கிறது. ஜாஸ்காரர்களுக்கும் இதே கதிதான். லூயி ஆம்ஸ்ட்ராங் 1925-லிருந்து 1928 வரை தம் சிறு குழுவோடு பதிவு செய்த மூன்று நிமிஷத் தட்டுகளை, இன்றைக்கும் ஜாஸ் படிக்கிறவர்கள் பாடப் புத்தகம் மாதிரி வைத்துக் கேட்கிறார்கள்.

இந்தியாவில் இந்தத் தொழில் 1902-ல் தொடங்கியது. பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் லண்டன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தார். அப்போது புகழ் பெற்றவர் கெளஹர் ஜான் என்ற பாடகி. அவருடைய ஆரம்பத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தம் பெயரை அவரே இங்கிலீஷில் சொல்லுவார். அது கர்வமல்ல. மெழுகு அச்சு ஜெர்மனிக்குப் போய் அங்கேதான் தட்டாக வேண்டும். அங்கே உள்ளவர்கள் லேபிளைத் தப்பாக ஒட்டிவிடக் கூடாதே என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு தட்டுகள் இங்கேயே பிறந்தன. நாய் மார்க் பிளேட்டு என்றால் சிற்றூரிலும் தெரிந்தது. சென்னையில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலியோர் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் 'ஓடியன்' தட்டுகளைக் கொண்டுவந்தது. அந்தச் செட்டியார்தான் பிற்பாடு ஏவி.எம். ஸ்டூடியோவின் அதிபரானார். தமிழ்ப் பேசும் படத்தின் வேரில் ஒன்று இசைத் தட்டுக் கடையில் இருக்கிறது என்று சொன்னால் தவறில்லை.

ஒரு விஷயத்தைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். இந்தக் கருவியின் முன்னால் முதலில் துணிந்து நின்றவர்களில் பெண்கள் அதிகம். பெரிய வித்வான்கள் பலர் "இயந்திரத்துக்கா பாடுவது?" என்று தயங்கிய காலத்தில் அவர்கள் பாடினார்கள். வீணை தனம்மாளின் வாசிப்பு இன்று நமக்குக் கேட்கிறதென்றால் அவருடைய முதிய வயதில் எடுத்த சில தட்டுகளால்தான். எம். எஸ். சுப்புலக்ஷ்மி தம் முதல் தட்டைக் கொடுத்தது 1926-ல், வயது பத்து. பக்கத்தில் வீணை வாசித்தவர் அவருடைய தாயார் சண்முகவடிவு.

கேட்க முடியாமல் போனவர்கள்

ஜாஸ் ரசிகர்கள் ஏன் பழைய தட்டுக்காக இப்படி அலைகிறார்கள் என்று கேட்பீர்கள். பட்டி போல்டன் என்று ஒருவர் இருந்தார். நியூ ஆர்லியன்ஸில் கார்னெட் வாசித்தவர். ஜாஸுக்கு ஆதிபுருஷர் என்று அவரைக் கேட்டவர்கள் சொன்னார்கள். 1907-ல் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். 1931-ல் அங்கேயே இறந்தார். முதல் ஜாஸ் தட்டு வெளியானதே 1917-ல்தான். அவர் வாசித்ததில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்கவில்லை. நம்மிடமும் இப்படி உண்டு. மகா வைத்தியநாத ஐயர் 1893-ல் காலமானார். அவரைப் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதியதைப் படிக்கலாம். கேட்க முடியாது.

இவர்களுக்குத் தட்டு வரவில்லை, சரி. ஆனால் தட்டு இருந்தும் நாம் தொலைத்துவிட்டால்? செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933-ல் மறைந்தார். இருபத்தேழே வயது. அவர் எந்தப் பேசும் படத்திலும் நடிக்கவில்லை. நாடக மேடையில் கேட்டவர்களும் இப்போது இல்லை. அவர் என்று சொல்வதற்கு மிச்சம் இருப்பது அந்தக் கறுப்புத் தட்டுகள்தான்.

இங்கே எனக்கு இரண்டு பெண்மணிகள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் லில் ஹார்டின். ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் பியானோ வாசித்தவர். 1924-ல் அவரை மணந்தவர். ஆம்ஸ்ட்ராங் அப்போது தம் குருவின் குழுவில் இரண்டாம் வாத்தியக்காரராக அடங்கி இருந்தார். "நீங்கள் இரண்டாவதாக உட்காருகிறவரல்ல" என்று வற்புறுத்தி அவரை வெளியே கொண்டுவந்தவர் இந்த அம்மையார்தான். பிறகு இருவரும் பிரிந்தார்கள். 1971-ம் வருஷம் ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் இறந்தார். அடுத்த மாதம் அவர் நினைவாகச் சிகாகோவில் நடந்த கச்சேரியில் லில் பியானோ வாசித்துக் கொண்டிருந்தபோதே சாய்ந்து உயிர் நீத்தார்.

மற்றவர் நம் கொடுமுடி சுந்தராம்பாள். கிட்டப்பாவோடு மேடையில் பாடிப் பாடி, அவரையே மணந்து, மனத்தாங்கலும் பிரிவும் கண்டு, இருபத்தைந்தாவது வயதில் வெள்ளைப் புடைவை உடுத்தினார். இனி ஆடவரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்காக அவர் பெற்ற தொகை ஒரு லட்ச ரூபாய். அந்நாளில் அது மலைக்க வைத்த தொகை. பிறகு 1953-ல் 'ஔவையார்' வந்தது.

உங்கள் பெட்டியில் சுந்தராம்பாள் தட்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் அந்த இளவயதுத் தட்டைக் கேளுங்கள். அதற்குப் பிறகு 'ஔவையார்' படத்தைப் பாருங்கள். தட்டில் இருக்கும் குரல், எதிரே நிற்பவரோடு போட்டி போடும் குரல். படத்தில் இருக்கும் குரலுக்குப் போட்டியே இல்லை. அது தனியாக நடந்து போகிற குரல். இரண்டுக்கும் நடுவே ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. அதை எந்தச் சரித்திரப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பழைய தட்டையும் பழைய படத்தையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் இதுதான் லாபம்.

மீதியை வெள்ளித்திரையில் காண்க

படங்களின் கதை தட்டுகளின் கதையைவிடச் சோகமானது. தட்டு ஆயிரக் கணக்கில் அச்சாகும். ஒருவர் உடைத்தாலும் இன்னொருவர் வீட்டில் இருக்கும். படத்துக்கோ சில பிரதிகள்தான். 1950 வரையில் படச்சுருள் செய்த நைட்ரேட் என்ற பொருள் சீக்கிரம் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டால் தானாகவே மக்கிப் பொடியாகும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பு ஏது? சுருளிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காகவே எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அதுவும் ஒரு காயலான் கடைதான்.

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வெளிவந்தது. டி. பி. ராஜலக்ஷ்மி கதாநாயகி. அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார்! ஜனங்கள் அதையும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் படம் இன்று இல்லை. அதே ராஜலக்ஷ்மி 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே கதை எழுதித் தாமே டைரக்ட் செய்தார். தமிழில் ஒரு பெண் டைரக்ட் செய்த முதல் படம். அதுவும் இல்லை. எம். எஸ். சுப்புலக்ஷ்மி முதல் முதலாக நடித்த 'சேவாசதனம்', 1938. அதுவும் இல்லை.

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டகை வாசலில் விற்பார்கள். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து நேருகிற கட்டத்தில் டக்கென்று நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். அந்நாளில் அது ஒரு வியாபாரத் தந்திரம், படித்துச் சிரித்திருக்கிறோம். காணாமல் போன படத்தின் பாட்டுப் புத்தகத்தில் அந்த வரியைப் படித்தால் சிரிப்பு வராது. மீதி எங்கேயும் இல்லை.

பிழைத்த படங்களும் உண்டு. அவை பிழைத்த விதம் விசித்திரம். 'மார்த்தாண்ட வர்மா' என்ற மெளனப் படம் 1933-ல் வந்தது. நாவலைப் பதிப்பித்த கம்பெனி வழக்குப் போட்டு, படச்சுருளைத் தன் வசம் ஆக்கிக்கொண்டது. படம் ஓடவில்லை, எடுத்தவருக்கு நஷ்டம். ஆனால் ஓடாததனால் தேயவில்லை. திருவனந்தபுரத்தில் புத்தகக் கடையில் கிடந்த அந்தச் சுருள் 1974-ல் புனேயிலுள்ள தேசீயத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கெட்ட காலமே காவலாக இருந்தது! அந்தக் காப்பகம் 1964-ல் ஏற்பட்டது. பி. கே. நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராகப் போய் டப்பா டப்பாவாகச் சுருள்களைக் கொண்டுவந்து அதை நிரப்பினார். ஆனாலும் 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்து போயின.

அங்கே பத்திரமாக இருக்கும் தமிழ்ப் படங்களில் ஒன்று 'தியாக பூமி'. கல்கி அதை எழுதி ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தபோது, சித்திரத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே போட்டார்கள். வாரா வாரம் கதை படித்த குடும்பத்தினர் 1939-ல் படத்தையும் போய்ப் பார்த்தார்கள். கணவன் கைவிட்ட பெண், தன் காலில் நின்று காட்டுகிற கதை. அடுத்த வருஷமே வெள்ளைக்கார அரசாங்கம் படத்தைத் தடை செய்தது. தடைக்குத் தப்பி, தீக்குத் தப்பி, இன்று அது இருக்கிறது. சந்தர்ப்பம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜாஸ் ரசிகர்கள் பழைய படம் பார்ப்பதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. கதாநாயகியைப் பார்க்காமல் பின்னால் வாத்தியம் வாசிக்கிறவனைப் பார்ப்பார்கள். 1951-ல் வந்த 'அல்பேலா' இந்திப் படத்தில், இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று பேர் வாங்கிய கோவாக்காரர் சிக் சாக்லெட் தம் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். நம் 'புதிய பறவை'யில் (1964) ஹோட்டல் மேடையில் சௌகார் ஜானகி பாடும் காட்சியை அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சுசீலாவின் குரலுக்குப் பின்னால் விஸ்வநாதன் - ராமமூர்த்தி எத்தனை வாத்தியங்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை வாசித்தவர்களின் பெயர் டைட்டிலிலும் இல்லை, லேபிளிலும் இல்லை.

செல்போனில் இல்லாதது

இப்போது கணவரின் கட்சிக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிட்டப்பாவின் பிரபலமான பாட்டுகள் செல்போனில் கிடைக்கின்றன. கொரகொரப்பு இல்லாமலேயே கிடைக்கின்றன. 'ஹரிதாஸ்' படத்துக்காக 1944-லிருந்து மூன்று தீபாவளி பிராட்வே தியேட்டரில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்று படுத்துக்கொண்டே பார்க்கலாம். வேண்டாம் என்பேனா?

ஆனால் செல்போனில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்த தட்டிலிருந்துதான் வந்தது. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் என்ற ரசிகர், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட 78 சுற்றுத் தட்டுகளைத் தனி ஒருவராகச் சேகரித்தார். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா செட்டியார், பழம் புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அவர் 1992-ல் காலமான பிறகு அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் சிதறாமல் காப்பாற்றப்பட்டது. 1994-லிருந்து சென்னையில் அவர் பெயரால் நூலகமாக நடக்கிறது. இவர்கள் செய்ததை அக்கம் பக்கத்தார் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் புத்திசாலிகளாக இருந்திருந்தால் நமக்கு இன்று கேட்க ஒன்றுமே இருந்திராது.

மேலும், உங்கள் முப்பத்தொன்றில் கிட்டப்பா தட்டு அபூர்வமாக இல்லாமல் இருக்கலாம். நீங்கள் 'பெயர் கேள்விப்படாத பாடகிகள்' என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போனீர்களே, அவைதான் அபூர்வமாக இருக்கக்கூடும். பிரபலமானவர்களைப் பத்துப் பேர் காப்பாற்றுவார்கள். பெயர் தெரியாதவருக்கு உங்கள் பரணைத் தவிர வேறு இடமில்லாமல் இருக்கலாம்.

இதற்காக லட்சம் லட்சமாகப் பணம் வரும் என்று கனவு காண வேண்டாம். பெரும்பாலான தட்டுகளுக்குச் சொற்ப விலைதான். பணத்துக்காகச் செய்கிற காரியமல்ல இது.

கையாளும் முறை

சரி, வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பாட்டும் அதோடு போய்விடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பழைய மல்துணியை நனைத்துப் பிழிந்து, கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். உங்கள் ஊர் வெயில் அப்பளத்துக்கு நல்லது, தட்டுக்கு ஆகாது. நெளிந்துவிடும்.

இரண்டாவது, தோசை அடுக்குவது போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள். அடியிலுள்ளது கனம் தாங்காமல் விரிசல் விடும்.

மூன்றாவது, பழைய கிராமபோனில் வைத்து ஓட்ட அவசரப்பட வேண்டாம். அதன் இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாட்டைச் செதுக்கி எடுத்துவிடும். அந்நாளிலேயே பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றினார்கள். 78 வேகமும், அந்த அகலமான கோட்டுக்குத் தகுந்த தனி ஊசியும் உள்ள மின்சார இயந்திரத்தில் ஒரே முறை ஓட்டி, கணினியில் பதிவு செய்துகொள்வது மேல்.

நான்காவது, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தட்டின் இரு பக்கத்திலும் உள்ள பாடகர் பெயர், ராகம், தாளம், கம்பெனி, நம்பர் எல்லாவற்றையும் எழுதுங்கள். லேபிளுக்கு வெளியே கறுப்புப் பகுதியில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும், அதையும் எழுதுங்கள். எந்தக் காலத்தில் பதிவானது என்று ஆராய்கிறவர்களுக்கு அதுதான் ஜாதகம். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், இந்த நோட்டின் நகலோடு ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்துக்கு எழுதிக் கேட்கலாம். காயலான் கடைக்காரர் அடுத்த புதன்கிழமையும் வருவார்.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். அந்த நோட்டை எழுதும்போது உங்கள் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தட்டை யார் வாங்கி வந்தார், வீட்டில் யார் சாவி கொடுத்தார், எந்தப் பாட்டுக்குத் தெரு ஜனம் திண்ணையில் வந்து உட்கார்ந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஊர் ஊராகக் கூடாரம் போட்ட டூரிங் டாக்கீஸில், படம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் தட்டு வைப்பார்கள். அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். எந்தப் பாட்டு முதலில் வரும், எது வந்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு மனப்பாடம். வட ஆற்காடு ஜில்லா என்று உங்கள் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களின் ஞாபகம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் இருக்கிறது. தட்டு இன்னும் ஐம்பது வருஷம் உறையில் காத்திருக்கும். எண்பது வயதுக்காரரின் ஞாபகம் அப்படிக் காத்திருக்குமா?

அந்த இங்கிலீஷ் தட்டு எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்பதையும் அவரிடமே கேளுங்கள். நரி நடைக்கு யாராவது ஆடினார்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்லமாட்டார், சிரிப்பார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உங்கள் பரணையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பழைய தட்டோ, பாட்டுப் புத்தகமோ அகப்பட்டால், அதன் லேபிளில் உள்ளதை அப்படியே ஒரு கார்டில் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். ராகம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.